பழைய காரின் டிஸ்க் பிரேக்கை அதன் முழுப் பலத்துக்குக் கொண்டுவருவது எப்படி? கடற்கரை ஊர்க்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்சீற்றில் மச்சான் வாயைத் திறந்தபடி தூக்கம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தால், தண்ணீரில் ஊறின பாணை மிதித்தது போல பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. அடித்தடித்து மிதித்து, இரண்டாம் கியருக்கு இழுத்து, கைப்பிரேக்கையும் தூக்கி, ஒருவாறு வண்டியை மண்மேட்டோரம் அணைத்தேன். முக்கால் மணித்தியாலம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, ஒன்றுமே நடக்காதது போல.

அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் முன்சில்லுகளுக்கு ஓட்டை போட்ட புது டிஸ்க் (சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு) வாங்கிப் பூட்டியிருந்தேன். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருந்தது. ஆனால் பிரேக் ஒயில் டப்பாவுக்குள் கிடந்த ஒயில் ஆறு வருடப் பழசு. மலை இறக்கத்தின் சூட்டில் அதற்குள் இருந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நான் மிதித்ததெல்லாம் அந்த ஆவியைத்தான்.

பழைய காருக்குப் பெரிய பிரேக் தேடி அலைவதற்கு முன்னர், அது பிறந்தபோது இருந்த பிரேக்கை அதற்குத் திருப்பிக் கொடுங்கள். பத்தில் எட்டு வண்டிக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். என்னுடையது எழுபதுகளின் டட்சன் 120 வை, முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம் (உராய்வுப் பட்டையான லைனர் உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் வட்டப் பெட்டி). பெட்டி லான்சர், 1984க்குப் பிந்திய 12 அங்குலச் சில்லு மினி, பெஜோ 504 வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். மொரிஸ் மைனர்காரர் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு நாலும் டிரம். ஒயிலும் ஹோஸும் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தால் போதும்.

முதலில் ரோட்டில் பாருங்கள்

ஸ்பானரைத் தூக்கும் முன் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். விடியற்காலையில் ஆள் நடமாட்டமும் மாடும் இல்லாத நேரான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் மட்டக்களப்பில் வாழைச்சேனைப் பக்கமும் செங்கலடி வெளியிலும் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளை நம்ப முடியாது, அதனால் நல்ல வெளிச்சம் வந்த பிறகு.

பெடல் மெத்தென்று இருந்து, இரண்டு தரம் அடித்தால் இறுகுகிறதா? உள்ளே காற்று இருக்கலாம், அல்லது பின் டிரம்மில் இடைவெளி கூடியிருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? ஒயில் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் உருளை) சீல் உள்ளுக்குள் விடுகிறது. இந்த வண்டியை அதற்குப் பிறகு ஓட்டக் கூடாது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பூஸ்டரையோ (வெற்றிடத்தால் காலுக்கு உதவும் உறுப்பு), மினுங்கிப்போன பேடையோ (டிஸ்கை இரு பக்கமும் பிடிக்கும் உராய்வுக் கட்டை) சந்தேகிக்கலாம்.

வண்டி ஒரு பக்கம் இழுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இடப்பக்கம் இழுத்தால் இடது சில்லு நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். நோய் பெரும்பாலும் வலது சில்லில். நான் ஒருமுறை நல்ல சில்லைக் கழற்றி ஒரு நாள் முழுக்க மினக்கெட்டேன்.

பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்திய பிறகு ஒவ்வொரு சில்லின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், தோல் போய்விடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சில்லில் பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

ஜக் அடிக்கும் இடம்

கல்லடி, நாவலடிப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இது முக்கியம். நம் முற்றம் மணல். ஜக் சாய்ந்து இறங்கும். தடித்த பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஜக். தூக்கியதும் ஸ்டாண்ட், அதற்குக் கீழும் பலகை. சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்தக் கல் முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கும். மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள்.

பழைய பேட்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருந்திருக்கலாம். எனவே பிரேக் தூசியை வாயாலோ கம்பிரஸராலோ ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

கலிப்பரைக் கழற்றுதல்

பேடை டிஸ்கில் அழுத்தும் கவ்விதான் கலிப்பர். அதைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிறகு இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் மகிழ்ச்சி. ஒன்று பாதி, மற்றது தகடு தெரியும்வரை என்றால் பிஸ்டனோ, கலிப்பர் நழுவும் ஊசியோ இறுகிப் போயிருக்கிறது. ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் அதே கதைதான்.

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்கிறோம். உப்பு எங்கும் போகும். கலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு றப்பர் சீல் இருக்கிறது. ஒயில் வெளியேறாமல் தடுப்பது அதன் ஒரு வேலை. மற்ற வேலை பலருக்குத் தெரியாது: பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அந்த றப்பர் சற்று முறுகும். காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னே இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் பேட் விலகுவது அந்த மயிரிழையால்தான், வேறு ஸ்பிரிங் எதுவுமில்லை. சீல் குந்தியிருக்கும் பள்ளத்துக்குள் கறள் வளர்ந்தால் அது சீலைப் பிஸ்டனோடு அமுக்கும். பேட் விலகாது, டிஸ்க் சூடாகும், பெற்றோலும் வீணாகும்.

பிஸ்டனை வெளியே எடுக்கச் சுலபமான வழி, ஹோஸைக் கழற்றும் முன்னரே பிரேக் பெடலை மெல்ல மிதித்து அதைத் தள்ளச் செய்வது. இடையில் ஒரு மரத்துண்டை வையுங்கள். கம்பிரஸர் காற்றால் அடித்தால் பிஸ்டன் துவக்குச் சன்னம் போலப் பாயும்; விரல் அங்கே இருந்தால் விரல் இல்லை.

சீலைக் கிளறி எடுக்கவும் பள்ளத்தைச் சுரண்டவும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கீறிவிடும். நான் தென்னை ஈர்க்கைத்தான் பாவிக்கிறேன். முனையைச் சற்றுச் சப்பிவிட்டால் பள்ளத்தின் மூலைவரை போகும். முதல் தரம் சுரண்டியபோது மண்ணிறத் தூள் ஒரு தேக்கரண்டியளவு வந்தது. என் வலது முன்சில்லு ஏன் எப்போதும் சுட்டது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிஸ்டனின் மேற்பரப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் குழி சீல் ஓடும் இடத்தில் இருந்தால் அது போயிற்று. புதியது கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் துருப்பிடிக்காத உருக்கில் கடைந்து வாங்கலாம். காத்தான்குடியில் எனக்குக் கடைந்து தந்த நானா பழைய பிஸ்டனை மைக்றோமீற்றரால் நாலு இடத்தில் அளந்துவிட்டு, "கறள் தின்னாத இடத்துலதான் அளவு எடுக்கணும் தம்பி, தின்ன இடத்துல எடுத்தா உங்கட கார் ஒயில் குடிக்கும்" என்றார்.

கழுவுவதற்குப் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். அவை பிரேக் றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பிரேக் கிளீனர் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிட், கடைசியில் புது பிரேக் ஒயில். புதுச் சீலைப் புது பிரேக் ஒயிலில் தோய்த்துக் கையால் அமர்த்தி, பிஸ்டனை நேராக விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ பிழை. தூசு மறைக்கும் றப்பரும் புதிதாகவே இருக்கட்டும். கலிப்பர் நழுவும் ஊசிகளுக்கு சிலிக்கோன் கிறீஸ் மட்டும். சாதாரண மஞ்சள் கிறீஸ் அங்குள்ள றப்பரைத் தின்றுவிடும். ஒரு பக்கம் செய்தால் மறு பக்கமும் அன்றே செய்யுங்கள்.

டிஸ்க்

டிஸ்கைப் பார்க்கும் முன் சில்லின் பெயாரிங்கை ஆட்டிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் தளம்பி, ஓடும்போதே பேடைப் பின்னே தள்ளிவிடும். அடுத்த தரம் மிதிக்கும்போது பெடல் ஆழமாகப் போகும். இதைக் காற்று என்று நினைத்து நாலு போத்தல் ஒயில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

தடிப்பை மைக்றோமீற்றரால் அளக்க வேண்டும். வேர்னியர் விளிம்பிலுள்ள தேயாத வரம்பில் குந்திப் பொய் சொல்லும். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்கிலேயே பொறித்திருக்கும், இல்லாவிட்டால் வண்டியின் கைநூலில் இருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்கை லேத்தில் ஏற்ற வேண்டாம், மாற்றுங்கள். பக்கவாட்டுத் தளம்பலை டயல் கேஜால் பாருங்கள், 0.1 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பெரும்பாலான பழைய வண்டிக்குச் சரி.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் எல்லோரும் "டிஸ்க் வளைஞ்சிட்டுது" என்பார்கள். உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம். மேற்பரப்பில் பேட் சமமில்லாமல் ஒட்டியிருக்கும், அல்லது ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவே கறள் இருக்கும். நம் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு: மாரி மழையில் இரண்டு மூன்று கிழமை வண்டியை நிறுத்திவைத்தால், பேட் படிந்திருந்த இடத்தின் அச்சு டிஸ்கில் கறளாகப் பதிந்துவிடும். என் டிஸ்கில் அந்த அச்சு பேடின் வடிவத்திலேயே அச்சடித்தது மாதிரி இருந்தது. மெல்லிய கறள் ஓட ஓடப் போய்விடும். குழி விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய சீவல் சீவ வேண்டும். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே டிஸ்கைப் பூட்டுங்கள். புது டிஸ்கில் பூசி வரும் எண்ணெயைக் கழுவ மறக்க வேண்டாம்.

ஓட்டை போட்ட டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விழும். சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பும் குறையும். நம் ஓட்டத்துக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. என்னுடையவை இப்போது கூரையில் தொங்குகின்றன.

பேட்

நல்ல பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப் எஃப் என்று இருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அளவானது. இரண்டாவது எழுத்து முதலாவதை விடக் குறைந்தால் சூட்டில் பிடி தளரும் பேட் அது. எழுத்தே இல்லாத, பெட்டியில் அழகான படம் மட்டும் போட்ட மலிவுப் பேடை விட்டுவிடுங்கள். ரேஸுக்குச் செய்த கடினப் பேடையும் விட்டுவிடுங்கள். அது சூடானால்தான் பிடிக்கும், கல்முனைச் சந்தையில் குறுக்கே வரும் சைக்கிள் அதுவரை காத்திருக்காது.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிடுவதானால், பழைய பேடின் படத்தைத் தொலைபேசியில் அனுப்பி, நீள அகலமும் எழுதிக் கொடுங்கள். ஒரே மொடலுக்கு இரண்டு மூன்று வகைக் கலிப்பர் வந்திருக்கும்.

ஹோஸ், குழாய்

றப்பர் ஹோஸ் வெளியே நல்லாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஒயில் போகும், விடும்போது திரும்பி வராது. சில்லு பிடித்தபடியே நிற்கும். வயது தெரியாத ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள். பின்னல் உருக்கு ஹோஸ் போட்டால் பெடல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

இரும்புக் குழாய் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் கறள் பிடிக்கும். அங்கே கழற்றிப் பாருங்கள். மாற்றுவதானால் செப்பு நிக்கல் கலவைக் குழாய் நம் உப்புக் காற்றுக்கு நல்லது. தனிச் செப்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும்.

ஒயிலும் காற்று எடுத்தலும்

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹோஸ் வழியாகக்கூட. புது டொட் 3 (டொட் என்பது போத்தலில் போட்டிருக்கும் ஒயிலின் தரம்) குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் 3.7 வீதம் ஏறியதும் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு அதே கணக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் மாற்றுங்கள், நிறம் எப்படி இருந்தாலும். டொட் 4 போதும். டொட் 5 என்று வருவது சிலிக்கோன், மற்றதோடு கலக்கக் கூடாது. திறந்து பாதி மீந்த போத்தலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். பெயின்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைத்தால் பெயின்ற் கூடவே வரும்.

வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கும். ஆகவே வழமையான ஒழுங்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. கைநூல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

நிப்பிளில் (சில்லருகே காற்றை வெளியேற்றும் திருகு) தெளிந்த குழாயை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலில். என் வீட்டில் அது மகளின் வேலை. "மிதி" என்றால் மெல்ல மிதித்து, "பிடி" என்றால் பிடித்திருக்க வேண்டும். நான் நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். மூடிய பிறகுதான் "விடு". முதல் நாள் நான் மூடும் முன்னர் அவள் காலை எடுத்துவிட்டாள், காற்று திரும்ப உள்ளே போனது, தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். இப்போது அவள்தான் என்னை அதட்டுகிறாள்: "மூடிட்டீங்களாப்பா?"

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாக ஓடாத அடிப்பகுதியில் கறள் இருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அதன்மேல் ஓடிக் கிழியும். காற்று எடுக்கப்போய் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிக்கொண்டு வந்த கதைகள் இப்படித்தான் நடக்கின்றன. டப்பாவில் ஒயில் வற்றவும் விடாதீர்கள்.

பின் டிரம்மும் பூஸ்டரும்

பின் டிரம்மைச் சரிப்படுத்தாமல் முன் டிஸ்கைக் குறை சொல்லக் கூடாது. லைனர் லேசாக உரசும்வரை இறுக்கி, சில்லு கையால் சுதந்திரமாகச் சுற்றும் அளவு தளர்த்துங்கள். பெடலின் ஆழம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

பூஸ்டர் இருந்தால்: எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு தரம் அடித்து, மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் முதலில் வெற்றிடக் குழாயில் வெடிப்புப் பாருங்கள்.

பேடைப் படியவைத்தல்

புதுப் பேடைப் பூட்டிய அன்றே ஊர் சுற்றக் கிளம்ப வேண்டாம். முற்றத்திலேயே பெடலைப் பல தரம் மிதித்து இறுக்கம் வந்ததை உறுதிசெய்துவிட்டு, ஆளில்லாத ரோட்டில் மணிக்கு 50 அல்லது 60 கிலோமீற்றரிலிருந்து 10 வரை, முழுதாக நிற்காமல், பத்துத் தரம் அளவாகப் பிடித்து விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் ஓட விடுங்கள். பிறகு பத்து நிமிடம் பிரேக் படாமல் ஓடி ஆறவைக்க வேண்டும். சூடான பேடை டிஸ்கில் அழுத்தியபடி நின்றால் பேடின் அச்சு ஒட்டிக்கொள்ளும், உதறல் தொடங்கும். அறுவடைக் காலத்தில் நெல் காயும் ரோட்டை இதற்குத் தெரிவு செய்யாதீர்கள். நெல்லில் சில்லு வழுக்கும், வயற்காரரின் ஏச்சும் இலவசம்.

பெரிய பிரேக் வேண்டுமென்றால்

காற்று ஓடும் இரட்டைத் தட்டு டிஸ்கும் பெரிய கலிப்பரும் சூட்டைத் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில்லுக்குள் இடம் இருக்கிறதா? பெரிய கலிப்பர் கூட ஒயில் கேட்கும், அதற்குப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் பூட்டுவார்கள். 19.05 மில்லிமீற்றர் விட்டத்தை 22.2 ஆக்கினால் பரப்பளவு ஏறக்குறைய 36 வீதம் கூடும். பெடல் இறுக்கமாகும், ஆனால் அதே அழுத்தம் கொடுக்கக் கால் 36 வீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். இறுக்கமான பெடலை நல்ல பிரேக் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. முன் பின் சமநிலை மாறி ஈர ரோட்டில் ஏதோ ஒரு சோடிச் சில்லு முன்கூட்டியே பூட்டிக்கொள்ளவும் கூடும். கணக்குத் தெரிந்தவரோடு செய்யுங்கள், இல்லையேல் விடுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள வண்டியை 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் வாங்கும் சக்தி ஏறத்தாழ 139 கிலோஜூல். அதே வண்டி 600 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டியது 5,886 கிலோஜூல். அதாவது 42 தடவை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சின் அதில் பங்கெடுக்காவிட்டால் முழுச் சூடும் டிஸ்குக்கும் டிரம்முக்கும்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தொடர்ச்சியாக மெல்லப் பிடிக்காமல், நன்றாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள்.

மாரிக்கு முன்

கார்த்திகை மழைக்கு முன்னர் ஒருமுறை ஊசிகளைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். வெள்ளம் தேங்கிய ரோட்டைக் கடந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓடி டிஸ்கை உலர்த்துங்கள். வண்டியைக் கழுவிய அன்றும் அப்படியே. ஈரத்தோடு நிறுத்தினால் விடியும்போது டிஸ்க் தேநீர் நிறத்தில் இருக்கும். நீண்ட நாள் நிறுத்துவதானால் கைப்பிரேக்கை இழுக்காமல் சில்லுக்கு மரக்கட்டை போடுங்கள், பின் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது. கிழமைக்கு ஒருமுறையாவது கல்லடிப் பாலம்வரை போய் வாருங்கள்.

ஒயில் மாற்றிய திகதியை ஒட்டுத்தாளில் எழுதி டப்பா மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதினால் அழியும், பேனை எஞ்சின் சூட்டில் மங்கும். எங்கள் வீட்டு மூடியில் மகள் பெயின்றால் எழுதியிருக்கிறாள், திகதிக்குக் கீழே ஒரு வரியும்: "அப்பா, மூடிட்டீங்களா?"